புழுங்கலரிசி கேட்கும் கேள்வி

பள்ளி அறிவியல் புத்தகத்தில் ஊட்டச்சத்துக் குறைநோய்களுக்கென்று ஓர் அட்டவணை உண்டு. வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண், சி குறைந்தால் ஸ்கர்வி, டி குறைந்தால் ரிக்கெட்ஸ், பி1 குறைந்தால் பெரிபெரி. நம்மில் பெரும்பாலோர் இதை மனப்பாடம் செய்து, ஒப்பித்து, மதிப்பெண் வாங்கி, மறந்தவர்கள். பெரிபெரி என்ற சொல் ஒரு வேடிக்கையான ஒலியாக மட்டும் நினைவில் தங்கியிருக்கும். அந்த நோயின் காரணத்தை உலகம் அறிந்துகொண்ட வரலாற்றில் புழுங்கலரிசிக்கு ஒரு முதன்மையான இடமுண்டு என்பதையோ, அந்த வரலாற்றின் நடுவே கடல்கடந்து போன தமிழ்க் கூலிகளின் சோற்றுத்தட்டு இருக்கிறது என்பதையோ அந்த அட்டவணை சொல்வதில்லை. வகுப்பறைக்கு அடுத்த கட்டடத்தில் சத்துணவுக்கு உலை கொதித்துக்கொண்டிருக்கும்போதுதான் மாணவர்கள் அந்த அட்டவணையை நெட்டுருப் போடுகிறார்கள்.

உள்ளூர் உணவைக் கொண்டு அறிவியல் கற்பிக்கலாம் என்ற யோசனை புதியதன்று. 1937இல் வார்தாவிலும், 1972இல் ஹோஷங்காபாத்திலும், 2005ஆம் ஆண்டுக்குப் பின் தேசியப் பாடநூல்களிலும் அது வெவ்வேறு உருவில் தலைகாட்டியது. ஒவ்வொரு முறையும் ஏதோ ஓர் இடத்தில் தேங்கியது. இன்று அதே யோசனையின் திரிந்த வடிவம் ஒன்று, 'நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்லர்' என்ற பெருமிதப் பேச்சாகக் கைப்பேசிகளில் உலவுகிறது. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டால் பிள்ளைகளுக்கு அறிவியலும் கிடைக்காது, உணவைப் பற்றிய அறிவும் கிடைக்காது. அடுக்களை நமக்குக் கேள்விகளைத் தரும் இடம் என்ற அளவில்தான் அது வகுப்பறைக்கு உரியது. இதை விளக்க அரிசியின் கதையே போதும்.

கோழிகள் தின்ற சோறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்காசியாவெங்கும் பெரிபெரி பரவியிருந்தது. கால்கள் மரத்துப்போகும், நடை தளரும், உடல் வீங்கும், கடைசியில் இதயம் நின்றுவிடும். கிருமிகளின் காலம் அது. பாஸ்டரும் கோக்கும் அடுத்தடுத்து நோய்க்கிருமிகளைக் கண்டறிந்துகொண்டிருந்ததால், இதற்கும் ஒரு கிருமி இருக்கத்தான் வேண்டும் என்று மருத்துவர்கள் நம்பினார்கள். அந்தக் கிருமியைத் தேடித்தான் கிறிஸ்டியான் எய்க்மான் என்ற டச்சு இராணுவ மருத்துவர் ஜாவாவின் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், ஆய்வுக்கூடம் நடத்தினார்.

அவர் வளர்த்த கோழிகளுக்கு ஒரு சமயம் பெரிபெரி போன்ற வாதம் வந்தது. சில மாதங்களில் தானாகவே நீங்கியது. காரணத்தை விசாரித்தபோது தெரிய வந்தது இது. கோழிகளுக்குச் சில மாதங்களாக இராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோறு போடப்பட்டிருந்தது. பின்னர் சமையற்காரர் மாறினார். இராணுவத்து அரிசியை இராணுவத்தைச் சேராத கோழிகளுக்குப் போட முடியாது என்று புதியவர் மறுத்துவிட்டார். கோழிகள் மீண்டும் தீட்டாத அரிசிக்குத் திரும்பின, பிழைத்துக்கொண்டன. எய்க்மானே தம் நோபல் உரையில் சொன்ன செய்தி இது. மருத்துவ வரலாற்றின் பெரிய திருப்பங்களுள் ஒன்று, சமையற்காரர் ஒருவரின் அலுவலகக் கண்டிப்பிலிருந்து பிறந்திருக்கிறது.

கோழிக்குப் பொருந்துவது மனிதனுக்குப் பொருந்துமா என்ற கேள்வி எழுந்தது. அடால்ஃப் வோர்டர்மன் ஜாவாவின் நூற்றுக்கு மேற்பட்ட சிறைகளில் எந்தச் சிறையில் எந்த அரிசி வழங்கப்படுகிறது, எங்கே நோய் மிகுதி என்று கணக்கெடுத்து 1897இல் வெளியிட்டார். தீட்டிய அரிசி உண்ட சிறைகளில்தான் நோய் மிகுதி. ஆயினும் எய்க்மான், அரிசி மாவில் ஏதோ நஞ்சு இருக்கிறது, தவிடு அதை முறிக்கிறது என்றே கருதினார். இருக்கும் பொருளால் நோய் வரும் என்று நினைத்துப் பழகிய மனத்துக்கு, இல்லாத பொருளால் நோய் வரும் என்று நினைப்பது கடினமாக இருந்திருக்கிறது. 1901இல் அதைச் சொன்னவர் அவருக்குப் பின் அப்பணிக்கு வந்த கெரிட் கிரைன்ஸ். 1912இல் காசிமிர் ஃபங்க் அத்தகைய பொருள்களுக்கு 'வைட்டமின்' என்ற பெயரை முன்மொழிந்தார். எய்க்மானுக்கு 1929இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

மலாயாவில் தமிழர் சோறு

இதே காலத்தில் மலாயாவில் இன்னொரு புதிர். வெள்ளீயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் ஆயிரக்கணக்கில் மடிந்துகொண்டிருந்தார்கள். அதே நாட்டில், அதே மழையில், அவர்களைவிட எந்த வகையிலும் வசதியாக வாழாத தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களுக்கு அந்நோய் அரிதாகவே வந்தது. கிராமத்து மலாய் மக்களுக்கும் அப்படியே. நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் இந்த வேறுபாட்டைக் கவனித்து 1907இல் ஒரு பெருநூலே எழுதினார். சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த, இயந்திரத்தில் தீட்டிய பச்சரிசி. மலாய்க் குடியானவர் உண்டது அவ்வப்போது வீட்டில் குத்திய அரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. வேறுபாடு அரிசியில் இருக்கிறது என்று பிராடன் சரியாகச் சொன்னார்; கெட்டுப்போன அரிசியின் நஞ்சே காரணம் என்று தவறாக முடித்தார்.

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சயாம் அரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். முதற் பிரிவில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். மறு பிரிவில் அந்நோயால் யாரும் இறக்கவில்லை. அவர் அம்முடிவை வெளியிட்டது 1907இல். அதே ஆண்டு தொடங்கி ஃபிரேசரும் ஸ்டாண்டனும் சாலைப் பணிக்கு வந்த ஜாவானியத் தொழிலாளர்களிடையே இதேபோன்ற ஆய்வை நடத்தினார்கள். தீட்டும்போது அரிசி இழக்கும் ஏதோ ஒன்றே நோயைத் தடுப்பது என்பது உறுதியாயிற்று.

இந்த ஆய்வுகளைப் பற்றி வாசிக்கும்போது நமக்கு இரண்டு உணர்வுகள் ஒருசேர எழுகின்றன. ஆய்வு முறையின் தெளிவு வியப்பைத் தருகிறது. மறுக்க இயலாத மனநோயாளிகளின் உயிரை வைத்து அந்தத் தெளிவு பெறப்பட்டது என்பது நெஞ்சை அறுக்கிறது. அறிவியலைக் கதையாகச் சொல்லும் ஆசிரியர் இரண்டையும் சொல்ல வேண்டும். அட்டவணை இரண்டையும் மறைத்துவிடுகிறது.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது நடப்பது என்ன? தயமின் எனப்படும் பி1 நீரில் கரையும். நெல்மணியின் வெளிப்படலங்களில் செறிந்திருக்கும் அது, நீரோடும் ஆவியோடும் மணியின் உள்ளே நகர்கிறது. மாவுப்பொருள் வெந்து இறுகுவதால் அரிசி கெட்டிப்படுகிறது. தீட்டும்போது நொறுங்குவதும் குறைகிறது. எனவே பின்னர் தவிடு நீங்கினாலும் தயமினின் பெரும்பகுதி அரிசிக்குள்ளேயே தங்குகிறது. நெல் அவித்த நம் பெண்களுக்குத் தயமின் தெரியாது. அரிசி நொறுங்காது, பூச்சி அதிகம் பிடிக்காது, சோறு குழையாது என்பவை தெரியும். தெரிந்த காரணங்களுக்காகச் செய்த வேலை தெரியாத ஒரு நோயையும் தடுத்தது. இதை முன்னோர்களின் தீர்க்கதரிசனம் என்று சொன்னால் அது பொய். மூடப் பழக்கம் என்று சொன்னால் அதுவும் பொய். வழக்கத்துக்குள் உண்மை ஒளிந்திருக்கலாம், அதை வெளியே எடுக்கக் கேள்வி வேண்டும் என்பதுதான் இதிலிருந்து நாம் கற்கக்கூடியது.

குன்னூர் எலிகள்

பெருமிதத்துக்கு மருந்தாக இன்னொரு வரலாறும் நம் மண்ணிலேயே இருக்கிறது. நீலகிரியின் குன்னூரில் ராபர்ட் மெக்கேரிசன் நடத்திய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம், பிற்காலத்தில் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. மெக்கேரிசன் இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை அப்படியே எலிகளுக்குக் கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டியும் பாலும் பருப்பும் காய்கறியும் கொண்ட சீக்கியர் உணவை உண்ட எலிகள் நன்கு வளர்ந்தன. 'மதராசி' உணவை, அதாவது தீட்டிய அரிசியை மிகுதியாகவும் மற்றவற்றைப் பெயரளவிலும் கொண்ட உணவை, உண்ட எலிகள் கடைசி இடத்தில் நின்றன.

இச்செய்தி தமிழனின் நாக்குக்கு இழுக்கு என்று கொள்ள வேண்டியதில்லை. அங்கே அளக்கப்பட்டது ஏழைகளின் தட்டு. பால், பருப்பு, கீரை, மீன், முட்டை ஆகியவை தமிழ்ச் சமையலில் இல்லாதவை அல்ல; அவை பலருடைய தட்டுக்கு வந்து சேரவில்லை. அன்றைய சென்னை மாகாணத்திலேயே, இன்றைய ஆந்திரக் கடற்கரையான வட சர்க்கார் மாவட்டங்களில், ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்டவர்களிடையே பெரிபெரி இருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அது அரிது. ஒரே மாகாணத்துக்குள் ஓர் இயந்திரமும் ஒரு வழக்கமும் நோயின் எல்லையை வரைந்திருந்தன. 'பாரம்பரிய உணவு நல்லதா?' என்று ஒட்டுமொத்தமாகக் கேட்பது பயனற்றது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. எந்த உணவு, யார் தட்டில், எவ்வளவு, எப்படிச் சமைத்தது என்றுதான் கேட்க வேண்டும்.

வார்தாவும் அதன் பின்னும்

அடுக்களையைப் பள்ளிக்குள் கொண்டுவரும் முயற்சி காந்தியின் ஆதாரக் கல்வியில் தொடங்கியது எனலாம். அதற்கு முன்பே, 1934இல் தொடங்கப்பட்ட அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் பொறுப்பை ஏற்ற தஞ்சாவூர்க்காரர் ஜே.சி. குமரப்பா, கைக்குத்தல் அரிசிக்காகப் பொருளியல் அடிப்படையிலும் ஊட்டச்சத்து அடிப்படையிலும் வாதாடினார். ஆலை, தவிட்டையும் கிராமத்தின் வேலையையும் சேர்த்தே நீக்குகிறது என்பது அவர் தரப்பு. 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டுக்குப் பின், ஜாகிர் உசேன் தலைமையிலான குழு ஆதாரக் கல்வியின் பாடத்திட்டத்தை வகுத்தது. சேவாகிராமத்தில் அதை நடத்திக் காட்டியவர்களுள் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து, தாகூரின் சாந்திநிகேதனில் பணியாற்றிய ஆரியநாயகம். உடன் அவர் துணைவியார் ஆஷாதேவி. அங்கே சமையல் வேலையும் கல்வியின் பகுதி. இருக்கும் பணத்துக்குள் சமச்சீரான உணவைத் திட்டமிடுவது பிள்ளைகளின் பொறுப்பு. கணக்கும் உடலியலும் வேளாண்மையும் அந்த ஒரு வேலையிலேயே வந்து சேர்ந்தன.

இந்தக் கல்வி ஏன் பரவவில்லை? பள்ளி தன் செலவைத் தானே ஈட்ட வேண்டும் என்ற நிபந்தனை பலரை அச்சுறுத்தியது. சுதந்திரத்துக்குப் பின் பல மாநிலங்களில் பெயர்ப்பலகை மட்டும் மாறியது. ஆதாரப் பள்ளி ஏழைக்கு, ஆங்கிலப் பள்ளி வசதியுள்ளவருக்கு என்ற பிரிவு எளிதில் உருவாயிற்று.

தமிழ்நாட்டில் இதற்கு இன்னும் ஆழமான காரணம் உண்டு. 1953இல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பாடநேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் சூட்டி, பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதை எதிர்த்துப் போராடினார்கள். ராஜாஜி பதவி விலகினார், காமராசர் முதல்வரானார், 1954இல் திட்டம் கைவிடப்பட்டது. அதன்பின் 'உள்ளூர் அறிவு', 'வாழ்க்கையோடு இணைந்த கல்வி' என்ற சொற்களைக் கேட்டாலே ஐயத்தோடு பார்ப்பது நம் அரசியல் நினைவில் பதிந்துபோனது. அந்த ஐயம் நியாயமானது. பனையேறியின் மகனைப் பனையிலேயே நிறுத்தி வைக்கும் கல்விக்கு உள்ளூர்க் கல்வி என்று பெயரிட்டால் அதை எதிர்க்கத்தான் வேண்டும். ஆனால் பனையைப் பற்றிய வேதியியலை ஊரின் எல்லாப் பிள்ளைகளும் கற்பது வேறு. முன்னது பிறப்பைப் பாடமாக்குகிறது. பின்னது அறிவைப் பொதுவாக்குகிறது. இந்த வேறுபாட்டை விளக்காமல் தமிழ்நாட்டில் உள்ளூர் உணவைப் பாடமாக்குவது பற்றிப் பேசவே முடியாது.

காமராசர் வேறொரு வழியில் உணவைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவு முன்னோடியாக இருக்க, 1956இல் அது மாநிலமெங்கும் விரியத் தொடங்கியது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாகப் பெருக்கினார். 1989இல் முட்டை சேர்ந்தது. 2022இல் காலை உணவும் வந்தது. நூறாண்டுக்கு மேலாக நம் பள்ளிகளில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது. இந்தியாவில் இதற்கு நிகரான தொடர்ச்சி கொண்ட மாநிலத்தைச் சொல்வது கடினம். வியப்பு என்னவென்றால், பசியைத் தீர்த்த அந்த அடுப்பு இத்தனை ஆண்டுகளில் பாடத்திட்டத்துக்குள் நுழையவேயில்லை. சமையலர் வகுப்பறைக்குள் வருவதில்லை. அறிவியல் ஆசிரியர் சத்துணவுக் கூடத்துக்குள் போவது கணக்கெடுக்கத்தான்.

ஹோஷங்காபாத்தின் பாடம்

1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு முயற்சி தொடங்கியது. கிஷோர் பாரதியும் ரசூலியாவிலிருந்த குவேக்கர் கிராம மையமும் முன்னெடுக்க, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், தில்லிப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் அறிவியலாளர்கள் துணைநின்றார்கள். விடையைச் சொல்லித்தராத புத்தகம், மலிவான பொருள்களாலான சோதனைப் பெட்டி, வயல்வெளிக்குச் சென்று கற்பது, புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதும் தேர்வு என்று நாம் இன்றும் கனவு காணும் பலவற்றை அவர்கள் அரசுப் பள்ளிகளிலேயே செய்து காட்டினார்கள். 1982இல் ஏகலவ்யா அமைப்பு அப்பொறுப்பை ஏற்றது. ஏறத்தாழ ஆயிரம் பள்ளிகளுக்குப் பரவிய அத்திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்திவிட்டது.

அந்த முப்பதாண்டுகளிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. பாடப் புத்தகத்தை மட்டும் மாற்றினால் போதாது என்பதை அவர்கள் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார்கள். ஆசிரியர் பயிற்சி, தேர்வு முறை, சோதனைப் பொருள் வழங்கல் ஆகிய யாவும் சேர்ந்தே மாற வேண்டும். 2005இல் யஷ்பால் தலைமையில் உருவான தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, பள்ளிக்கு வெளியேயுள்ள வாழ்க்கையோடு அறிவை இணைக்க வேண்டும் என்று முதல் நெறியாகவே சொன்னது. அதன் வழியில் வந்த தொடக்கநிலைச் சூழலியல் நூல்கள் உணவை ஆறு கருப்பொருள்களுள் ஒன்றாகக் கொண்டன. ஆந்திரத்தின் மாங்காய்த் தாண்டிரா, அதாவது மாம்பழச் சாற்றை அடுக்கடுக்காக வெயிலில் உலர்த்திச் செய்யும் பண்டம், உணவைக் கெடாமல் காப்பது பற்றிய பாடமாயிற்று. கேரளத்தின் மரவள்ளியும் கோவாவின் மீனும் ஹாங்காங்கின் பாம்பும் ஒரே பக்கத்தில் அருவருப்பின்றி இடம்பெற்றன. அருமையான புத்தகங்கள். ஆயினும் பல வகுப்பறைகளில் அவற்றுக்கும் விரைவிலேயே 'வினா விடை' உரைநூல்கள் வந்துவிட்டன. 'உங்கள் வீட்டில் என்ன சமைத்தார்கள்?' என்ற கேள்விக்கும் அச்சடித்த விடை கிடைத்தது.

பாடம் எப்படி இருக்கும்?

தமிழ்நாட்டில் அறிவியல் இயக்கமும், அது வெளியிடும் 'துளிர்' இதழும், 1993 முதல் நடக்கும் குழந்தைகள் அறிவியல் மாநாடுகளும் இத்திசையில் நெடுங்காலம் உழைத்திருக்கின்றன. எனவே வெற்றிடத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. நம் கண்முன் இருக்கும் சில பாடங்களைச் சொல்லிப் பார்ப்போம்.

பனம்பாளையைச் சீவிக் கலயம் கட்டுகிறார்கள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் காலையில் பதநீர்; தடவாவிட்டால் கள். ஒரே மரம், ஒரே சாறு. சுண்ணாம்பு சாற்றைக் காரமாக்குகிறது. நொதிக்கச் செய்யும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் அந்தக் காரத்தில் பெருக முடிவதில்லை. அமிலம், காரம், நுண்ணுயிர், நொதித்தல் என்ற நான்கு பாடங்கள் ஒரு கலயத்துக்குள் இருக்கின்றன. மஞ்சள் தடவிய காகிதத்தைச் சுண்ணாம்பு நீரில் நனைத்துச் சிவப்பாக்கிப் பார்க்க ஆய்வுக்கூடமும் வேண்டியதில்லை.

இட்லி மாவு ஏன் பொங்குகிறது? ரொட்டிக்கு ஈஸ்ட் சேர்ப்பதைப் புத்தகம் சொல்கிறது. நம் மாவில் யாரும் எதையும் சேர்ப்பதில்லை. உளுந்தோடும் அரிசியோடும் வந்த பாக்டீரியாக்களே, குறிப்பாக லூக்கோநாஸ்டாக் வகை, அமிலத்தையும் கரியமில வாயுவையும் உண்டாக்குகின்றன. உளுந்தின் வழவழப்பு அந்த வாயுவைப் பிடித்து வைக்கிறது. மாவுப் பாத்திரத்திலிருந்து ஒரு குழாயைத் தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் விட்டால் நீர் பால்போல் வெளுக்கும். மதுரையில் ஓரிரவில் பொங்கும் மாவு உதகையில் ஏன் தாமதிக்கிறது? ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்திலிருக்கும் அதே உதகையில் நீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேக ஏன் நேரமாகிறது? இவற்றைக் கேட்கும் பிள்ளை இயற்பியலுக்குள்ளும் வந்துவிடுகிறது.

மரவள்ளிக் கிழங்கு கசந்தால் ஏன் உண்ணக்கூடாது, வேகவைத்த நீரை ஏன் கொட்ட வேண்டும்? கிழங்கிலுள்ள ஒரு பொருள் சிதைந்தால் சயனைடு உண்டாகும் என்பதே காரணம். தென்னமெரிக்காவிலிருந்து வந்த இந்தக் கிழங்கு, இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது திருவிதாங்கூரில் எத்தனை வயிறுகளைக் காத்தது, சேலத்தில் எப்படி ஜவ்வரிசித் தொழிலாயிற்று என்பது அதே பாடத்தின் வரலாற்றுப் பக்கம்.

பழைய சோற்றைப் பற்றிய பேச்சு இன்று மிகுதி. செம்பருத்திச் சாற்றில் தோய்த்த காகிதத்தால் இரவு ஊற்றிய நீரையும் காலையில் எடுத்த நீராகாரத்தையும் சோதித்தால் புளிப்பேறியிருப்பது தெரியும். அது எல்லா நோய்களையும் தீர்க்கும் என்பது அந்தக் காகிதத்தில் தெரியாது. ஒரு சோதனை எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை என்று பிரித்தறியும் பழக்கம் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. நம்முடையவை என்று நாம் எண்ணும் மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை, இட்லியின் பெயர் முதலில் காணப்படுவது பத்தாம் நூற்றாண்டுக் கன்னட நூலொன்றில் என்ற செய்திகளையும் சேர்த்துச் சொன்னால், உணவுக்கு எல்லைக்கோடு போடும் ஆசை கொஞ்சம் தணியும்.

யாருடைய உணவு?

இவ்வளவு எளிதென்றால் ஏன் நடக்கவில்லை? தேர்வு ஒரு காரணம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு விடை வரக்கூடிய கேள்வியை நம் வினாத்தாள் தாங்காது. மற்றொரு காரணம் பேசக் கூச்சப்படுவது. 'உன் வீட்டில் நேற்று என்ன சமைத்தீர்கள்?' என்பது நம் சமூகத்தில் சாதாரணக் கேள்வியன்று. அதற்கு வரும் விடையில் சாதியும் வருமானமும் ஒட்டிக்கொண்டு வரும். ஒன்றும் சமைக்காத வீட்டுப் பிள்ளை என்ன சொல்லும்? மாட்டிறைச்சியோ பன்றியிறைச்சியோ நத்தையோ வயல் எலியோ உண்ட பிள்ளை, சுற்றியிருப்பவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாம்பார் என்றுதான் சொல்லும். பட்டியல் சாதியைச் சேர்ந்த சமையலர் சமைத்தார் என்பதற்காகப் பள்ளி உணவைப் பெற்றோர் மறுத்த நிகழ்வுகள் நடந்த மாநிலம் இது. உள்ளூர் உணவு என்று ஆசிரியர் தேர்ந்தெடுப்பது ஊரின் ஒரு தெருவுடைய உணவாக மட்டும் இருந்துவிட்டால், மற்றத் தெருவின் பிள்ளைகள் அறிவியலோடு அவமானத்தையும் சேர்த்துக் கற்பார்கள்.

இதற்கு நல்ல விடை சத்துணவுக் கூடத்திலேயே இருக்கிறது. யார் வீட்டிலும் நுழையாமல், எல்லோரும் ஒன்றாக உண்ட ஒரு தட்டிலிருந்து பாடத்தைத் தொடங்கலாம். அது எல்லோருக்கும் பொதுவான உள்ளூர் உணவு. அந்தப் பொதுத்தட்டில் நம்பிக்கை பிறந்தபின், புரதம் என்பது பருப்பிலும் முட்டையிலும் நத்தையிலும் ஒன்றே என்ற செய்தி, எந்த நீதிபோதனையையும்விட அமைதியாக வேலை செய்யும்.

அந்தத் தட்டில் அண்மையில் ஒரு புதிய பாடமும் வந்து விழுந்தது. 2021 ஆகஸ்ட் 15 அன்று, அரசுத் திட்டங்களில் வழங்கும் அரிசி செறிவூட்டப்படும் என்று பிரதமர் அறிவித்தார். அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவற்றைக் கலந்து இயந்திரத்தில் அரிசி வடிவில் வார்த்து, நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் சாதாரண அரிசியோடு சேர்ப்பது அதன் முறை. அடுத்த ஆண்டுகளில் அது சத்துணவுக்கும் நியாயவிலைக் கடைக்கும் வந்தபோது, நிறம் வேறுபட்டும் நீரில் மிதந்தும் நின்ற அந்த மணிகளைக் கண்டு 'பிளாஸ்டிக் அரிசி' என்ற புரளி ஊர் ஊராகப் பரவியது. பல வீடுகளில் அவற்றைப் பொறுக்கி எறிந்தார்கள். சத்துக்காகச் சேர்த்ததை நஞ்சென்று எறிந்த அந்த முறங்கள், நம் அறிவியல் கல்வி எழுதிய தேர்வின் விடைத்தாள்கள்.

அவ்வேளையில் ஒரு பள்ளியிலாவது அந்த மணிகளில் பத்தை எடுத்து, வேகவைத்து, அயோடின் சொட்டு விட்டுப் பார்த்திருந்தால் கருநீலம் தோன்றியிருக்கும். மாவுப்பொருள் என்பது பிள்ளைகளுக்கே தெரிந்திருக்கும். புரளி அந்த வீடுகளிலாவது நின்றிருக்கும். கேள்வி மட்டும் அங்கே நின்றிருக்காது. இரும்பு எல்லோருக்கும் நல்லதா, தலசீமியா உள்ளவருக்கு எப்படி? நெல்லுக்குள் இருந்த சத்தை ஆவியால் உள்ளே தள்ளிக் காப்பாற்றிய புழுங்கலுக்கும், தீட்டி இழந்துவிட்டு ஆலையில் வெளியிலிருந்து சேர்ப்பதற்கும் என்ன வேறுபாடு? எது மலிவு, எதில் யாருக்கு வேலை? கீரையும் முட்டையும் போதிய அளவு தட்டுக்கு வந்தால் இது தேவைப்படுமா? எய்க்மானும் மெக்கேரிசனும் குமரப்பாவும் விட்டுச்சென்ற விவாதம் முழுவதும் அந்தப் பத்து மணிகளுக்குள் இருக்கிறது. அதை எடுத்துப் பேச ஆசிரியருக்கு ஒரு பாடவேளையும், கொஞ்சம் அயோடினும், அட்டவணையை மூடிவைக்கும் உரிமையும் போதும். மூன்றில் கிடைப்பதற்கு அரியது கடைசியில் சொன்னதுதான்.